நான்காம் படி

வங்கிப் படிவம் தொழில் என்ன என்று கேட்கிறது.
கொடுத்திருக்கும் கட்டமோ
ஒரு தீப்பெட்டி அகலம்.

பத்தொன்பது வயதில்
வீகோ துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில்
விடியுமுன் எடை எழுதினேன்.
பெட்டி எண், படகின் பெயர், கிலோ.
ஈரக் காகிதத்தில் மூன்று எட்டாகிவிடும்,
எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
ஒரு குடும்பத்தின் வாரச் செலவு இருந்தது.
எண்களை அகட்டி எழுதப் பழகினேன்.

சட்டம் படிக்கப் போனேன், இரண்டு வருடம்.
பணம் தீர்ந்தது, ஆசையும் தீர்ந்தது,
எது முதலில் என்று இப்போது நினைவில்லை.

அப்புறம் தென் அட்லாண்டிக்கில்
இழுவைக் கப்பலின் சமையலறை.
இருபத்திரண்டு வாய், ஆடும் அடுப்பு.
ஒரு நாள் கொதிநீர் கையில் கவிழ்ந்தது.
படுக்கையில் கிடந்தபடி
எஞ்சின் அறை மொன்சோவுக்குக் குழம்பு சொன்னேன்.
"கொஞ்சம் உப்பு" என்றேன்.
மொன்சோவின் கொஞ்சம்
அவன் உள்ளங்கை அளவு இருந்தது.
அன்றிரவு கப்பல் முழுக்கத் தண்ணீர் குடித்தது.
அதன் பிறகு அந்தச் சொல்லை நான் எழுதியதில்லை.

கரையேறியபோது கிடைத்தது
நாளிதழில் இரங்கல் விளம்பரப் பகுதி.
சொல்லுக்கு இரண்டு யூரோ.
"அன்பான கணவர்" என்றிருந்ததைப்
பார்த்துக்கொண்டே இருந்தாள் ஒருத்தி.
பின்னால் வரிசை இருமியது.
"அன்பான வேண்டாம்" என்றாள்,
"கணவர் இருக்கட்டும்."
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனாள்.

இப்படியே போயிருப்பேன்.
குளிர்கிடங்கில் இரவுக் கணக்கு எழுதிய வருடம்
அம்மோனியா கசிந்தது.
சுவரில் ஒட்டியிருந்தது ஒரு வாக்கியம்:
வால்வைத் திறக்கும் முன்
அழுத்தம் இறங்கியதா என உறுதி செய்யவும்.
இலக்கணப் பிழை ஏதுமில்லை.
எலோயின் கண் "திற" வரை வந்தது,
கை போய்விட்டது.
மிச்ச வாக்கியம் சுவரிலேயே இருந்தது.

எலோய் பிழைத்தான். இன்னும் இருமுகிறான்.
ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து
மீன்பெட்டிக்குக் குறியிடும் மையால்
அந்தத் தாளின் மேலேயே எழுதினேன்:

அழுத்தமானியைப் பார்.
முள் பூஜ்யத்துக்கு வரும்வரை நில்.
பிறகு திற.

காலையில் மேலாளர் கேட்டார், யார் கிறுக்கியது?
வேலை போயிற்று என்று
மேலங்கியை மாட்டிக்கொண்டேன்.
மேலங்கியோடுதான் உட்கார வைத்தார்கள்,
இயந்திரம் செய்யும் கம்பெனியின் ஆட்கள்,
இன்னும் நாற்பது தாள்களை முன்னால் போட்டு.

பன்னிரண்டு வருடமாகிறது.
கையேட்டில் என் பெயர் இருக்காது.
"நீ எழுத்தாளராமே, கதை எங்கே?" என்கிறாள்
என் நாத்தனார் டொரிந்தா,
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்.
கதை எதுவும் நடந்துவிடாமலிருக்கத்தான்
எழுதுகிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.
அவளுக்குப் பிடிக்கவில்லை.
எனக்கும் அது கொஞ்சம்...
பாருங்கள், வாய்தவறி வந்துவிட்டது.

போன செவ்வாய், தொலைபேசி.
நமீபியாவுக்கு அப்பால் எங்கோ ஒரு கப்பல்.
எஞ்சின் இரைச்சலுக்கு மேல் ஒரு குரல் கத்தியது:
"கையேடு எழுதிய ஆள் யார்?
நான்காம் படி தப்பு!
அந்தத் திருகு இடமிருந்து வலமாகத்தான் கழலும்.
இத்தனை நாள் ஒருவரும் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை.
பதினோரு மாதம், முந்நூறு பிரதி.
முந்நூறு பேர் கண்டுபிடித்து
எனக்கு ஒரு வசவு விட்டுவிட்டு
வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.
அல்லது யாருமே புரட்டவில்லை.
இதில் எது மோசம் என்று யோசிக்க நேரமில்லை,
பேனா மூடியைப் பல்லால் கழற்றினேன்.

"கையுறை போட்டிருக்கிறீர்களா?"
"ஆமாம்."
"கையுறையோடு பிடி கிடைக்கிறதா?"
"கிடைக்கிறது."
"முழுக்கக் கழல எத்தனை சுற்று?"
"கொஞ்சம்தான்."
"எண்ணிச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்."

அந்தப் பக்கம் இரும்பு முனகியது.
ஒன்று, என்றான்.